ஒரு நாயும் நாலு பங்காளிகளும்

நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா ஒருமுறை ஊருக்கு வந்தபோது பழைய இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் நமக்குப் பழக்கமான அதே நாய். அதே சாய்ந்த தலை, அதே பித்தளைக் குழல். ஆனால் ஹெச்.எம்.வி. என்ற எழுத்து எங்கேயும் இல்லை, 'ஆர்.சி.ஏ. விக்டர்' என்று போட்டிருந்தது. வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரே நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டோம்: இது டூப்ளிகேட், அமெரிக்காக்காரன் நம்ம நாயைத் திருடிவிட்டான்.

பிற்பாடு படித்துப் பார்த்ததில் திருட்டு எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தது. நடந்தது பாகப்பிரிவினை. சொத்து ஒன்று, பங்காளிகள் இரண்டு பேர். பிறகு அது நாலு பேராகப் பெருகியது. இசைத்தட்டு உலகில் 'அக்கரையில் இருக்கும் ஜோடி லேபிள்' என்ற விஷயத்தைப் புரிந்துகொள்ள இந்த நாயைவிட நல்ல வழி கிடையாது.

முதலில் லேபிள் என்ற சொல். தட்டின் நடுவில் ஒட்டும் காகிதத்துக்குத்தான் அந்தப் பெயர் இருந்தது. அந்தக் காகிதத்தில் அச்சடிக்கும் பெயருக்கும் சின்னத்துக்கும் மெல்ல மெல்ல அது ஆகிவந்தது. பெயர் வேறு, கம்பெனி வேறு. ஒரு கம்பெனி பத்து லேபிள் வைத்திருக்கலாம். ஒரே லேபிள் பெயர் இரண்டு நாடுகளில் இரண்டு கம்பெனிகளுக்குச் சொந்தமாகவும் இருக்கலாம், ஏனென்றால் வணிக முத்திரையை நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பதிய வேண்டும். நம் ஊர் சினிமா விநியோகத்தில் ஒரே படத்தை செங்கல்பட்டு ஏரியாவுக்கு ஒருவர், மதுரை-ராமநாதபுரத்துக்கு இன்னொருவர் என்று வாங்குவார்களே, கிட்டத்தட்ட அதுபோல. ஒரு வித்தியாசம்: படத்தின் விநியோக உரிமை சில வருஷத்தில் முடிந்துவிடும். இங்கே ஏரியா பிரித்துக்கொண்டவர்கள் செத்துப்போய், அவர்கள் கம்பெனிகளும் கைமாறிப்போய், இன்னும் எல்லைக்கோடு அப்படியே இருக்கிறது.

கதை எமில் பெர்லினரிடம் தொடங்குகிறது. ஜெர்மனியின் ஹானோவரில் 1851-ல் பிறந்தவர், 1870-ல் அமெரிக்கா போனவர். எடிசனின் போனோகிராஃப் 1877-லேயே வந்துவிட்டது. அதில் ஒலியை உருளையில் பதிவார்கள். பெர்லினர் 1887-ல் காப்புரிமை கேட்ட கருவிக்குக் கிராமபோன் என்று பெயர். அதில் உருளை தட்டாக மாறியது. உருளையைப் பிரதி எடுப்பது பெரும்பாடு. தட்டுக்கு ஓர் உலோக அச்சு செய்துவிட்டால் போதும், அதிரசம் தட்டுவது போல ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். பதிவு செய்யும் இடமும் தட்டு அழுத்தும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அச்சை மட்டும் கப்பலில் அனுப்பினால் போதும் என்ற நிலை இதனால்தான் வந்தது. பின்னால் வரப்போகும் எல்லா ஒப்பந்தங்களும் நிற்பது இந்த ஓர் உண்மைமேல்தான்.

பெர்லினரின் முதல் கருவிகளைக் கையால் சுற்ற வேண்டும். கை வேகம் மாறினால் பாடகர் குரலும் மாறும். பிலடெல்பியாவுக்கு எதிரே, டெலவேர் ஆற்றின் மறுகரையில் இருக்கும் கேம்டன் ஊரில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்பவர் சின்ன இயந்திரப் பட்டறை வைத்திருந்தார். சாவி கொடுத்தால் சீராக ஓடும் சுருள்வில் மோட்டாரை அவர் பட்டறைதான் செய்து கொடுத்தது. சித்தப்பா கொடுத்த தட்டின் ஊர் அதுதான் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

1897-ல் பெர்லினர் தன் ஆள் வில்லியம் பாரி ஓவனை லண்டனுக்கு அனுப்பினார். ஓவன், டிரெவர் வில்லியம்ஸ் என்ற வக்கீலைப் பிடித்து, அவர் வழியாக முதலீடு சேர்த்தார். 1898-ல் லண்டனில் கிராமபோன் கம்பெனி பிறந்தது. பதிவு செய்ய பிரெட் கெய்ஸ்பர்க் என்ற இளைஞர் அமெரிக்காவிலிருந்து வந்தார். அதே வருஷக் கடைசியில் எமிலும் அவருடைய தம்பி ஜோசப்பும் ஹானோவரில் டாய்ச்சே கிராமபோன் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். ஏற்பாடு இப்படி: பாட்டு லண்டன் மெய்டன் லேனில் பதிவாகும், தட்டு ஹானோவரில் அழுத்தப்படும், பெட்டிக்குள் இருக்கும் இயந்திரம் கேம்டனிலிருந்து கப்பலில் வரும். லண்டன்காரர்களுக்கென்று சொந்தத் தொழிற்சாலையே கிடையாது. மூன்று ஊர், ஒரு குடும்பம்.

குடும்பம் உடைந்தது அமெரிக்காவில். பெர்லினருக்கு விற்பனை முகவராக இருந்த பிராங்க் சீமன், பெர்லினரிடமே முறைத்துக்கொண்டு போட்டிக் கருவி ஒன்றை விற்கத் தொடங்கினார். வழக்குக்குமேல் வழக்கு. 1900-ல் நீதிமன்றத் தடை வந்து, பெர்லினர் சொந்தக் கண்டுபிடிப்பையே அமெரிக்காவில் விற்க முடியாமல் போனது. பட்டறை நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு முழித்த ஜான்சன் தானே விற்பனையில் இறங்கினார். 1901 அக்டோபரில் விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி உருவானது. வம்பே வேண்டாமென்று கிராமபோன் என்ற சொல்லை அவர் கைவிட்டார். நாம் கிராமபோன் என்று சொல்வதும் அமெரிக்கர்கள் போனோகிராஃப் என்று சொல்வதும் இந்தச் சண்டையின் தழும்புதான். நாம் லண்டன் பங்கில் வளர்ந்தவர்கள்.

சரி, நாய்க்கு வருவோம்.

நிப்பர் 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்த நாய். வருகிறவர்களின் காலைக் கவ்வப் பாயுமாம், அதனால் அந்தப் பெயர். முதல் எஜமானர் மார்க் பாரோ 1887-ல் இறந்தபின் அவருடைய தம்பி, ஓவியர் பிரான்சிஸ் பாரோவிடம் வளர்ந்தது. 1895-ல் செத்துப்போனது. அதற்குச் சில வருஷம் கழித்து, ஞாபகத்திலிருந்து, போனோகிராஃபின் குழலைத் தலை சாய்த்துப் பார்க்கும் நாயாக அதை பாரோ வரைந்தார். படத்தின் தலைப்பு 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்', அதாவது எஜமானரின் குரல். ஹெச்.எம்.வி. என்பது அதன் சுருக்கம்தான். வாங்க ஆளில்லை. படத்தில் இருந்த கறுப்புக் குழல் எடுப்பாக இல்லையே என்று, 1899-ல் பித்தளைக் குழல் ஒன்று இரவல் கேட்டு மெய்டன் லேனுக்குப் போனார். ஓவன் படத்தைப் பார்த்துவிட்டு, அந்த உருளை இயந்திரத்தை அழித்து எங்கள் கிராமபோனை வரைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார். படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. பாரோ மேலேயே வண்ணம் பூசிக் கொடுத்தார். வெளிச்சம் வாகாக விழுந்தால் பழைய இயந்திரத்தின் கோடுகள் அடியில் இன்னும் தெரியும் என்கிறார்கள்.

இங்கே எனக்கு எப்போதும் சிரிப்பு வரும் ஒரு விஷயம் உண்டு. உருளைக் கருவியில் வீட்டிலேயே குரலைப் பதிவு செய்ய முடியும். எஜமானர் பேசிப் பதிந்து வைத்தார், நாய் கேட்கிறது என்பது நடக்கக்கூடிய காட்சி. தட்டில் கடையில் விற்கும் பாட்டை மட்டும்தான் கேட்கலாம். ஆக, கருவியை மாற்றியதும் 'எஜமானரின் குரல்' என்ற தலைப்புக்கே பொருள் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் கண்டுகொள்ளவில்லை.

லண்டன் கம்பெனி படத்தை வாங்கியதே தவிர, உடனே லேபிளில் போடவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு சின்னம் இருந்தது: தட்டின்மேல் குந்தி இறகால் எழுதும் குட்டித் தேவதை. லண்டனுக்கு வந்த பெர்லினருக்கு நாய் பிடித்துப்போய், 1900 ஜூலையில் அமெரிக்காவில் அதைத் தன் பெயரில் பதிந்தார். அந்த உரிமை ஜான்சனின் விக்டருக்குப் போனது. விக்டர் சில வருஷங்களிலேயே நாயைத் தட்டுக்குத் தட்டு ஒட்டி அமெரிக்கா முழுக்கப் பிரபலமாக்கிவிட்டது. லண்டன் தட்டுகளில் நாய் ஏறியது 1909-ல்தான். வாங்கியவர் ஒருவர், முதலில் கொண்டாடியவர் இன்னொருவர். கேம்டன் தொழிற்சாலைக் கோபுரத்தில் வண்ணக் கண்ணாடியில் பெரிய வட்டமாக நாயைப் பதித்தார்கள்.

இரண்டு கம்பெனிகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் உலகத்தை வகிடெடுத்த மாதிரி பிரித்தது. வட, தென் அமெரிக்காவும் ஜப்பான், சீனா போன்ற கிழக்கு நாடுகளும் விக்டருக்கு. ஐரோப்பா, ரஷ்யா, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம், அதாவது இந்தியாவும், லண்டனுக்கு. ஒருவர் ஏரியாவில் மற்றவர் விற்கக்கூடாது. ஆனால் ஒருவர் பதிவு செய்ததை மற்றவர் தன் ஏரியாவில் வெளியிடலாம். ஜோடி லேபிள் என்பதன் சாரம் இவ்வளவுதான்: எல்லையைத் தாண்டுவது அச்சு மட்டும், தட்டும் பெயரும் தாண்டாது.

அச்சு தாண்டுவது என்றால் எப்படி? பாடகர் குழலுக்கு முன் நின்று பாடுவார், ஊசி மெழுகுப் பலகையில் கோடு கிழிக்கும். மெழுகின்மேல் மின்முலாம் பூசி உலோகத் தகடு எடுப்பார்கள். அதில் பள்ளம் மேடாக இருக்கும். அதிலிருந்து தாய்த் தகடு, தாயிலிருந்து அழுத்தும் அச்சு. அந்த அச்சைப் பெட்டியில் வைத்து அட்லாண்டிக்கைக் கடத்தினால், அந்தக் கரையில் அரக்குக் கலவையில் அழுத்தி, சொந்த லேபிளை ஒட்டி விற்பார்கள். உள்வட்டத்தில் கீறியிருக்கும் எண்ணைப் பார்த்தால் அது எந்தக் கரையில் பாடியது என்று பழைய தட்டு சேர்ப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

நல்ல உதாரணம் இத்தாலிய ஓபரா பாடகர் கரூசோ. 1902 ஏப்ரலில் மிலான் ஓட்டல் அறை ஒன்றில் கெய்ஸ்பர்க் அவரைப் பத்துப் பாட்டுப் பாடவைத்தார். கூலி 100 பவுண்டு, நாய்க்குக் கொடுத்த அதே தொகை. இது அநியாயம், பதியாதே என்று லண்டனிலிருந்து தந்தி வந்ததாகவும் அதைக் கெய்ஸ்பர்க் மதிக்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு. அந்தத் தட்டுகள் நன்றாக விற்றன. 1904-லிருந்து கரூசோ விக்டருக்குப் பாடினார், அந்தப் பாட்டுகள் அச்சாக லண்டனுக்கு வந்தன. பெரிய பாடகர்களுக்கு மட்டும் சிவப்புக் காகிதம் ஒட்டி விலையை ஏற்றும் வழக்கம்கூட ரஷ்யாவில் லண்டன்காரர்கள் தொடங்கி, விக்டர் கடன் வாங்கியது.

மிலானை முடித்த வருஷமே கெய்ஸ்பர்க் கப்பலேறி இந்தியா வந்தார். கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடினார். பாட்டின் முடிவில் தன் பெயரைச் சத்தமாக ஆங்கிலத்தில் சொல்வார். மெழுகு ஹானோவர் போய்ச் சேர்ந்தபின் யாருடைய பாட்டு என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே. தட்டு செய்யும் அரக்கு பெரும்பாலும் இங்கே மரத்திலிருந்து சுரண்டியெடுத்தது. அரக்கும் பாட்டும் இங்கிருந்து போய், தட்டாகத் திரும்பி வந்தன. 1908-ல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்தபின்தான் இந்தச் சுற்று நின்றது. பிறகு தொழிற்சாலை கல்கத்தாவை ஒட்டிய டம்டமுக்கு மாறியது.

இப்போது மூன்றாம் பங்காளி. ஹானோவர் கம்பெனி அப்போது லண்டன்காரர்களுக்குச் சொந்தம், அதனால் 1914-ல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனியில் அது 'எதிரியின் சொத்து' ஆகிவிட்டது. 1917-ல் அதை லைப்சிக்கின் பாலிபோன் நிறுவனத்துக்கு விற்றார்கள். தொழிற்சாலை, அச்சுகள் எல்லாம் போயின. ஜெர்மனிக்குள் நாயின் உரிமையும் கைவிட்டுப் போனது. போருக்குப்பின் லண்டன்காரர்கள் ஜெர்மனிக்குத் திரும்பியபோது சொந்த நாயைப் பயன்படுத்த முடியவில்லை. 1925-ல் எலக்ட்ரோலா என்று புதுப் பெயர் வைத்துக் கடை திறந்தார்கள். அந்தப் பக்கம், டாய்ச்சே கிராமபோனுக்கு ஜெர்மனிக்கு வெளியே நாய் கிடையாது. ஏற்றுமதிக்கு பாலிடார் என்ற பெயரை எடுத்தது. பாலிடார் பிறந்தது இந்த இக்கட்டில்தான். 1949-ல்தான் ஜெர்மன் நாய் எலக்ட்ரோலாவிடம் வந்தது. அதே சமயத்தில் டாய்ச்சே கிராமபோன், துலிப் பூக்கள் சூழ்ந்த மஞ்சள் லேபிளுக்கு மாறியது. அந்த மஞ்சள்தான் இன்று மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பவர்களுக்கு மரியாதையான நிறம்.

நான்காவது ஜப்பான். 1927-ல் விக்டர் அங்கே ஒரு கிளை தொடங்கியது. அது தனியாகப் பிரிந்து ஜேவிசி ஆனது, நாயும் அதனுடனேயே தங்கிவிட்டது.

மூத்த பங்காளிகள் இருவரும் 1930 வாக்கில் வேறு கைகளுக்குப் போய்விட்டார்கள். விக்டரை 1929-ல் ஆர்.சி.ஏ. என்ற ரேடியோ நிறுவனம் வாங்கியது. லண்டன் கம்பெனி 1931-ல் கொலம்பியா என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்துடன் இணைந்து ஈ.எம்.ஐ. ஆனது. சின்ன வயதில் ஹெச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் என்று தட்டுகளில் பார்த்தபோது மூன்றும் மூன்று கம்பெனி, ஒன்றுக்கொன்று போட்டி என்று நினைத்திருந்தேன். 1931-க்குப்பின் எல்லாம் ஒரே வீடு, இந்தியாவில் அழுத்தியதும் அதே டம்டம்.

கொலம்பியாவின் கதை இன்னும் வேடிக்கை. லண்டன் கொலம்பியா அமெரிக்கக் கொலம்பியாவின் கிளையாகப் பிறந்து, 1922-ல் விடுதலை வாங்கி, 1925-ல் தாய்க் கம்பெனியையே விலைக்கு வாங்கியது! பிறகு மறுபடி பிரிந்து, அந்தப் பெயர் அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் இரண்டு பேரிடம் இருந்தது. டெக்காவும் அப்படித்தான். பிரிட்டிஷ் டெக்காவால் அமெரிக்காவில் தன் பெயரில் விற்க முடியாமல் போனதால் அங்கே 'லண்டன்' என்ற லேபிளில் விற்றது.

நாய் ஒப்பந்தம் 1950கள் வரை ஓடியது. 1956-ல் எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. விக்டர் நாயோடும், பிரிட்டனில் ஹெச்.எம்.வி. நாயோடும் விற்றார். ஒரே குரல், ஒரே நாய், கல்லாப்பெட்டி மட்டும் இரண்டு. 1957-ல் உறவு முறிந்தது. ஆர்.சி.ஏ. பிரிட்டனில் டெக்காவின் கைக்குப் போனது, எல்விஸ் அங்கே நாயை இழந்தார். முறிவை முன்கூட்டியே மோப்பம் பிடித்தாற்போல ஈ.எம்.ஐ. 1953-ல் அமெரிக்காவில் செவ்வியல் இசைக்குத் தனி லேபிள் தொடங்கியிருந்தது. அங்கே நாயைப் போட முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? பரணில் கிடந்த பழைய தேவதையை இறக்கி, லேபிளுக்கு ஏஞ்சல் என்று பெயர் வைத்தார்கள்.

1955-ல் அமெரிக்காவின் கேபிட்டல் நிறுவனத்தையும் ஈ.எம்.ஐ. வாங்கிப்போட்டது. இனி ஜோடி லேபிள் சொந்த வீட்டுப் பிள்ளை, சொன்னபடி கேட்கும் என்று நினைத்திருப்பார்கள். 1963-ல் லண்டன் அனுப்பிய பீட்டில்ஸ் தட்டுகளை வேண்டாம் என்று திருப்பியது அதே கேபிட்டல்தான். சிகாகோவின் வீ-ஜே, பிலடெல்பியாவின் ஸ்வான் என்ற சின்ன லேபிள்கள் அவற்றை வெளியிட்டன. அந்த வருஷக் கடைசியில்தான் கேபிட்டலுக்குப் புத்தி வந்தது. வந்தபிறகும் பிரிட்டனில் 14 பாட்டோடு வந்த ஆல்பத்தை 11, 12 என்று வெட்டி, மிச்சத்தைச் சேர்த்து வேறு ஆல்பமாக விற்றது. அமெரிக்காவில் பாட்டுக்கு இவ்வளவு என்று எழுதியவருக்கு உரிமைத்தொகை கொடுக்க வேண்டும், அதனால் பாட்டு குறைந்தால் செலவும் குறையும். ஒரே குழுவின் ஆல்பப் பட்டியல் இரண்டு நாட்டில் இரண்டு விதமாக இருப்பதைப் பார்த்துக் குழம்பினால், காரணம் பெரும்பாலும் இதுதான். 1967-ல்தான் இரு கரையிலும் ஒரே மாதிரி ஆல்பம் வந்தது.

இன்றைய நிலவரம்: விக்டரின் பதிவுகள் சோனியிடம். அமெரிக்கக் கொலம்பியாவும் சோனியிடம், 1990-ல் ஈ.எம்.ஐ. தன்னிடமிருந்த கொலம்பியா பெயரையும் சோனிக்கே விற்றுவிட்டது. டாய்ச்சே கிராமபோன் யூனிவர்சலுக்குள் இருக்கிறது. 2012-ல் யூனிவர்சல் ஈ.எம்.ஐ.யையும் வாங்கியபோது, ஒருவரே இவ்வளவு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் சொல்ல, ஈ.எம்.ஐ.யின் செவ்வியல் பிரிவு வார்னருக்குப் போனது. ஆக, கரூசோவின் 1902 மிலான் பதிவுகள் போன வழி ஒன்று, 1904 முதலான கேம்டன் கம்பெனிப் பதிவுகள் போன வழி வேறொன்று. இந்தியாவில் ஹெச்.எம்.வி. தட்டு போட்ட கம்பெனி 2000-ல் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது.

சித்தப்பா கொடுத்த தட்டை அப்புறம் ஒருநாள் வீட்டுத் தட்டு ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாயில் வித்தியாசமே இல்லை. லேபிளின் விளிம்போரப் பொடி எழுத்துகளை லென்ஸ் வைத்துத்தான் படிக்க முடிந்தது. ஒன்றில் கேம்டன், நியூ ஜெர்சி. இன்னொன்றில் டம்டம்.